மூன்றாம் நபருக்கு நகல் இல்லை

"இது யாரும்மா?" என்று கேட்டார் வண்டி அனுமதி அலுவலகத்தின் தலைமை எழுத்தர். பழைய கோப்பின் முதல் தாளில் ஒரு பெயரின் மேல் அவருடைய பேனா நின்றது. உரிமையாளரின் மனைவி என்ற இடத்தில் இருந்த அந்தப் பெயர் வேன் அக்காவுடையது அல்ல.

வேன் அக்கா என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்த பெயர். புருஷன் வேன் ஓட்டினார். இவள் பின்னால் நின்று மூக்குத் துடைத்துவிட்டாள், சண்டை விலக்கினாள், தூங்கிப்போனவர்களைத் தட்டி எழுப்பி அவரவர் வாசலில் இறக்கிவிட்டாள். பிறகு அவரிடமே வண்டி ஓட்டக் கற்று உரிமமும் வாங்கினாள். பிள்ளைகளைப் பார்த்து அம்மாக்களும் அப்படியே கூப்பிட, கடைசியில் புருஷனும் கேலியாக "வேன் அக்கா, டீ இருக்கா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். அந்த மனுஷன் இரண்டு மாதத்துக்கு முன்னால் குளிக்கப் போனவர், குளியலறையிலேயே விழுந்தார். ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துபோனது. வேனும் அவர் பேரில், பள்ளி வண்டி ஓட்டும் அனுமதியும் அவர் பேரில். இவள் பேருக்கு மாற்றினால்தான் வண்டி தெருவில் இறங்கலாம்.

"அது அவரோட மொத சம்சாரம் சார். விவாகரத்து ஆயிடுச்சு. அப்புறம்தான் என்னைக் கல்யாணம் பண்ணாரு."

"ஆயிடுச்சுன்னு நீங்க சொல்றீங்க. கோர்ட்டு சொல்லணும்ல? தீர்ப்பு நகல் கொண்டாங்க. கோர்ட்டு முத்திரை இருக்கணும். அது இல்லன்னா இந்தக் கோப்புல மனைவி அவங்கதான்."

"இத்தனை வருஷமா நான்தான் சார் கூட இருந்தேன். ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும்மா. கோப்புக்குத் தெரியாதே" என்றார் அவர், கொஞ்சம் வருத்தமாகவே.

வேன் அக்கா அன்று சாயங்காலம் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். என்றோ செத்துப்போன மின்விசிறிக்கு உத்தரவாத அட்டை கிடைத்தது. யாருடையது என்றே தெரியாத எக்ஸ்ரே படம் கிடைத்தது. விவாகரத்துக் காகிதம் மட்டும் இல்லை. தன் கல்யாணத்தைப் பதிவு செய்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். "அப்ப காட்டியிருப்பாங்க. பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்திருப்போம்" என்று கையை விரித்தார்கள். ஆக, அந்தக் காகிதம் ஒருகாலத்தில் இந்த வீட்டில் இருந்திருக்கிறது. அதை எங்கே போட்டாரோ, போனவருக்குத்தான் வெளிச்சம்.

அந்த விஷயத்தை அவர் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறார். "ஒத்துவரல. நான்தான் கேஸ் போட்டு விலகிட்டேன்." அதோடு சரி. மேலே கேட்டால் அவர் முகம் கதவு மாதிரி சாத்திக்கொள்ளும் என்று தெரிந்ததால் இவளும் கேட்கவில்லை. யார், எங்கே, ஏன் என்று எதுவும் தெரியாமலே குடித்தனம் நடத்தி முடித்துவிட்டாள்.

கொழுந்தனிடம் போனாள். அவன் தாடையைச் சொறிந்தபடி யோசித்தான்.

"அண்ணனைக் கோர்ட்டுக்கு நான்தான் அண்ணி பைக்ல கொண்டுபோய் விட்டேன். அந்தச் சிவப்பு பைக். அதை நான் வாங்கின வருஷம். இல்ல இல்ல, வித்த வருஷம்."

"வாங்கினதா வித்ததா?"

"வாங்கி உடனே வித்துட்டேன் அண்ணி. இன்ஜின் சரியில்ல."

அவன் சொன்ன வருஷத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனாள். கண்ணாடி பதித்த புதுக் கட்டடம். விசாரணை சன்னலில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள், "வழக்கு எண்?"

"அது தெரியாமத்தான் வந்திருக்கேன்."

"எண் இல்லாம எப்படிங்க தேடுறது? எந்த வருஷம்?"

வருஷத்தைச் சொன்னாள். "அது இங்க இல்ல. அப்பல்லாம் குடும்ப வழக்கு தனியா கிடையாது. பின்னால பழைய கட்டடம், கீழ்த்தளம், ஆவண அறை."

பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரும்புக் கம்பிக் கதவு ஒன்று இருந்தது. அதற்குள்ளே கூரை வரைக்கும் துணியில் மூட்டை கட்டிய கோப்புகள், இன்னும் கட்டாத கோப்புகள், கட்டு அவிழ்ந்து சரிந்த கோப்புகள். எத்தனை பேர் சண்டையோ, எல்லாம் ஒன்றாகக் கிடந்து பூஞ்சை மணம் வீசின. கதவுக்கு முன்னால் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஓர் எழுத்தர். அவருக்கு அந்த நடைவழியில் எல்லோரும் வைத்திருந்த பெயர் 'நாளைக்கு சார்'. ஏன் அந்தப் பெயர் என்று அவளுக்கு யாரையும் கேட்கத் தேவைப்படவில்லை.

தேடுதல் மனு என்று ஒரு தாள் கொடுத்தார். அதில் மனுதாரர் பெயர், எதிர்மனுதாரர் பெயர், வருஷம் எழுதவேண்டும். அவள் எழுதிக் கொடுத்தாள்.

"எப்ப சார் வரணும்?"

"நாளைக்கு வாங்க."

நாளைக்கு வந்தாள். தேடும் ஆள் விடுப்பு. மறுபடி வந்தாள். தேடிவிட்டார்களாம், முடிவு எழுதவில்லையாம். அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு குத்தியிருந்தது. மேற்கண்ட விவரப்படி வழக்கு ஏதும் காணப்படவில்லை.

சிவப்பு பைக்கை நம்பினால் இப்படித்தான் என்று நினைத்து முந்தின வருஷத்துக்கு ஒரு மனு போட்டாள். காணப்படவில்லை. அடுத்த வருஷத்துக்கு ஒன்று. காணப்படவில்லை. இதற்கிடையில் அம்மாக்கள் ஃபோன் செய்துகொண்டே இருந்தார்கள். "அக்கா, இந்தத் திங்கட்கிழமையாவது வேன் வருமா?" முதலில் "வந்துடும்மா" என்றாள். பிறகு "பார்க்கிறேன்மா" என்றாள். பிறகு ஃபோன் மணி அடித்தாலும் எடுக்காமல் விட்டாள். வேன் வீட்டு வாசலில் நின்றது. பறவைகள் எச்சமிட்டு முன்கண்ணாடி வெள்ளையாகிப் போனது. அவள் தினமும் துடைத்தாள். துடைத்துவிட்டு ஓட்டமுடியாமல் உள்ளே போனாள்.

நான்காவது தடவையும் பலகையில் அதே வரியைப் பார்த்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. சீட்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"சார், ஒரு ஆள் கல்யாணம் பண்ணி, கோர்ட்டுக்கு வந்து, பிரிஞ்சு போயிருக்காரு. அது எப்படி சார் காணாமப் போகும்? நீங்க உண்மையிலேயே தேடுறீங்களா, இல்ல இந்தச் சீட்டை மொத்தமா அடிச்சு வெச்சிருக்கீங்களா?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாளைக்கு சார் கோபப்படாமல் அவள் மனுவை வாங்கிப் பார்த்தார்.

"மனுதாரர்னு யார் பேரைப் போட்டிருக்கீங்க?"

"எங்க வீட்டுக்காரர் பேரை."

"கேஸ் போட்டது அவருதானா?"

"ஆமா. அவரே சொல்லியிருக்காரு."

"எல்லா ஆம்பளையும் அப்படித்தாம்மா சொல்லுவான்" என்றார் அவர். "எங்க பேர்ப் பட்டியல்ல கேஸ் போட்டவங்க பேர்தான் இருக்கும். அந்தம்மா போட்டிருந்தா, உங்க வீட்டுக்காரர் பேரை வெச்சு உலகம் முடியுற வரைக்கும் தேடினாலும் கிடைக்காது."

"இதை மொத நாளே சொல்லியிருக்கலாமே சார்!"

"நீங்க கேக்கலையே."

அவள் பேனாவை எடுத்தாள். "சரி. அந்தம்மா பேரைப் போட்டுத் தரேன்."

"போடலாம். ஆனா கிடைச்சாலும் உங்க கையில தர முடியாது. குடும்ப வழக்கு. மூன்றாம் நபருக்கு நகல் இல்லை."

"மூன்றாம் நபரா? நான் அவரோட சம்சாரம் சார்!"

"அந்தக் கேஸ்ல ரெண்டே பேரும்மா. ஒருத்தர் போயிட்டாரு. இன்னொருத்தர் வந்து கையெழுத்துப் போடட்டும், தரேன். இல்லன்னா வக்கீல் வெச்சுத் தனியா மனு போட்டு நீதிபதி அனுமதி வாங்குங்க. அதுக்கு உங்க வேன்ல ஏறுன பிள்ளைங்க எல்லாம் காலேஜ் முடிச்சுருவாங்க."

வேன் அக்கா வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. நாலு வாரமாக யாரையோ உதைக்கவேண்டும் போலவும், யாரை என்று தெரியாதது போலவும் இருந்தது. அன்றைக்குத் தெரிந்துவிட்டது. செத்துப்போன மனுஷனைத்தான். "நான்தான் கேஸ் போட்டேன்" என்று வீறாப்பாகச் சொன்னாயே, அந்த ஒரு வார்த்தையால் ஒரு மாதம் போச்சே என்று மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தாள்.

மூத்தவள், அதாவது அந்த முதல் மனைவி, ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள் என்பது கொழுந்தனுக்குத் தெரிந்திருந்தது. "இவ்வளவு நாளா ஏண்டா சொல்லல?" என்று கேட்டதற்கு, "நீங்க வருஷத்தைத்தானே அண்ணி கேட்டீங்க" என்றான். அவனையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனாள்.

கடையில் கூட்டம். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண்மணி, வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், இவள் வாயைத் திறப்பதற்குள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார்த்தினாள். ஒரு கண்ணை அட்டையால் மறைத்தாள்.

"கடைசி வரி படிங்க."

"நான் கண்ணாடிக்கு வரல..."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. படிங்க."

அவள் படித்தாள். ரெண்டு எழுத்து தப்பு. "பார்த்தீங்களா?" என்றாள் பெண்மணி வெற்றியோடு. அப்போதுதான் வேன் அக்கா தான் யார் என்று சொன்னாள். அவர் இறந்ததையும் சொன்னாள்.

மூத்தவள் அட்டையைக் கீழே வைத்தாள். பிறகு, "எப்ப?" என்று மட்டும் கேட்டாள். சொன்னதும் தலையசைத்தாள். காத்திருந்த கூட்டத்தை இன்னொரு பெண்ணிடம் விட்டுவிட்டு, லென்சு தேய்க்கும் பின்னறைக்கு அழைத்துப் போனாள். கோர்ட்டு விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"அவர் கேஸ் போட்டதா சொன்னாரா?" என்று சிரித்தாள். "நான்தான் போட்டேன். அந்தாளு ஒவ்வொரு தவணைக்கும் தள்ளிப் போடச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. அந்தப் படியில நான் ஏறி இறங்கின மாதிரி யாரும் ஏறியிருக்க மாட்டாங்க."

"உங்ககிட்ட நகல் இருக்கா அக்கா?"

"அக்கான்னு கூப்பிடாத."

"வேற எப்படிக் கூப்பிடுறது?"

மூத்தவள் மேசையில் கிடந்த ஒரு லென்சை எடுத்துத் துடைத்தாள். "நகல் இல்ல. வீடு மாறும்போது தூக்கிப் போட்டுட்டேன். திரும்பப் பார்க்க வேண்டாம்னுதான் போட்டேன். தப்பா நினைக்காத, உன் மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல. ஆனா அந்தக் கட்டடத்துக்குள்ள மறுபடி கால் வைக்கமாட்டேன். வேற வழி பாரு."

"வேற வழி இல்லக்கா."

"இருக்கும். போ."

வேன் அக்கா எழுந்தாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள். கெஞ்சுவதற்கு அவளிடம் தெம்பு மிச்சமில்லை. இருந்ததெல்லாம் எரிச்சல்தான். அதையே சொன்னாள்.

"சரி, வராதீங்க. எனக்கென்ன? நகல் வரலன்னா அவரோட கோப்புல மனைவி நீங்கதான். செத்தது உங்க புருஷன். நீங்கதான் விதவை. அந்த ஓட்டை வேனையும் நீங்களே வெச்சுக்குங்க."

மூத்தவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "என்ன சொன்ன?"

"அந்த ஆபீசர் சொன்னதைச் சொன்னேன்."

"நானா? அந்தாளுக்கா?" மூத்தவள் வெள்ளைக் கோட்டின் பித்தானைக் கழற்றத் தொடங்கினாள். "நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

மறுநாள் இருவரும் ஆவண அறை மேசைக்கு முன்னால் நின்றார்கள். மூத்தவளுக்கு வருஷம் நன்றாக நினைவிருந்தது. சிவப்பு பைக் சொன்ன வருஷத்துக்கும் அதற்கும் வெகு தூரம். அவள் பெயரில் தேடியதும் பழைய பட்டியலில் எண் கிடைத்துவிட்டது. கோப்பை எடுத்துவர ஒரு வாரம். கோப்பு வந்ததும் நகல் மனுவை எழுதிக் கொடுத்தார்கள். நாளைக்கு சார் அடையாள அட்டையை வாங்கி, மனுவைப் பார்த்து, அட்டையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இனிஷியல் வேற."

"வேறதான் சார். அப்ப புருஷன் இனிஷியல். இப்ப அப்பா இனிஷியல்" என்றாள் மூத்தவள்.

"ஏன் மாத்துனீங்க?"

"விவாகரத்து ஆனா மாத்துவாங்க சார். அதுக்குத்தான் விவாகரத்து."

"அதுக்கு ஆதாரம் வேணும்ல?"

"விவாகரத்துத் தீர்ப்புதான் ஆதாரம்."

"அப்ப அதைக் குடுங்க."

"அதைத்தான்யா கேட்டுக்கிட்டு நிக்கிறோம்!" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தியதில், பக்கத்து அறைத் தட்டச்சுச் சத்தம் நின்றது.

மேலே கண்காணிப்பாளரைப் பார்க்கச் சொன்னார். கண்காணிப்பாளர் கூட்டத்தில் இருந்தார். மறுநாள் அவருக்குப் பல்வலி. அதற்கடுத்த நாள் இருந்தார், ஆனால் கீழே இருந்து குறிப்பு வரவில்லை. இரண்டு பேரும் நடைவழியின் ஒரே பெஞ்சில் காத்திருந்தார்கள். மூத்தவள் கடைக்கு விடுப்புச் சொல்லிச் சொல்லி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பூராவும் எதிரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதே பெஞ்சுதான்" என்றாள் திடீரென்று. "அந்த மூலையில அவர் உட்காருவாரு. இந்த மூலையில நான். நடுவுல வக்கீல் குமாஸ்தா உட்கார்ந்து பொரி தின்னுவான்."

வேன் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "அவர் உங்கள என்ன பண்ணாரு?"

மூத்தவள் அவள் பக்கம் திரும்பவில்லை. "உன்கிட்ட பண்ணலல்ல?"

"என்னன்னு தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்."

"பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும். விடு."

கடைசியில் கண்காணிப்பாளர் ஓர் உறுதிமொழி கேட்டார். அந்தப் பெயரில் இருந்தவரும் இந்தப் பெயரில் இருப்பவரும் ஒரே ஆள்தான் என்று மூத்தவள் எழுதவேண்டும். அவளை நன்கு அறிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும்.

"நீங்க யாரும்மா? இவங்களை உங்களுக்குத் தெரியுமா?" என்று வேன் அக்காவிடம் கேட்டார்.

"நல்லாத் தெரியும் சார்."

"எப்படி?"

"ஒரே குடும்பம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். மூத்தவள் அவளை ஒரு பார்வை பார்த்தாள், மறுத்துச் சொல்லவில்லை.

நகல் தயாரான நாளில் நாளைக்கு சார் முதல்முறையாக "இப்பவே வாங்கிக்குங்க" என்றார். தடித்த உறை. இரண்டு கட்டாகத் தைத்திருந்தது. ஒன்று தீர்ப்பாணை, ஒற்றைத் தாள், இன்ன தேதியில் இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் ரத்தாகிறது என்பது மட்டும். இன்னொன்று முழுத் தீர்ப்பு, பக்கம் பக்கமாக. மூத்தவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்ததால் உறை வேன் அக்காவின் கையில் வந்தது.

அவள் முழுத் தீர்ப்பின் முதல் பக்கத்தைப் பார்த்தாள். மேலே இரண்டு பெயர்கள். கீழே, மனுதாரரின் கூற்று என்னவென்றால், என்று ஒரு வரி தொடங்கியது. அவ்வளவுதான் படித்திருப்பாள். மூத்தவள் பேனாவை மூடிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

மூத்தவள் தடுக்கவில்லை. பிடுங்கவும் இல்லை. "அதுல பாதி நான் சொன்னது, பாதி வக்கீல் எழுதினது" என்றாள். "ஆனா எல்லாம் நடந்ததுதான்."

வேன் அக்கா நின்றாள். சாயங்காலம் சாயங்காலம் வேனைக் கழுவிவிட்டுத் தன் பக்கத்தில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்ட மனுஷன் ஒருவர் இருந்தார். இந்தப் பக்கங்களில் வேறொருவர் இருக்கிறார். பக்கத்தைத் திருப்பினால் அவரையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். போனவரைக் கூப்பிட்டு இது நிஜமா என்று சண்டைபோடக்கூட முடியாது. ஆத்திரமாக வந்தது. படிக்காமல் கொடுப்பது யாருக்கு நல்லது செய்வதற்காக என்று அவளுக்கே விளங்கவில்லை. தீர்ப்பாணையை மட்டும் எடுத்துக்கொண்டு தடித்த கட்டை மூத்தவளிடம் நீட்டினாள்.

"எனக்கு ஒத்தத் தாள் போதும்க்கா."

மூத்தவள் வாங்கிக் கைப்பையில் திணித்தாள். பை மூடவில்லை. இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் ஒன்றாக நடந்தார்கள். பஸ் வந்ததும், "உனக்குத் தூரப் பார்வை சரியில்ல. வண்டி ஓட்டுறவ. கடைக்கு வந்து கண்ணாடி போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

மறுநாள் வேன் அக்கா அனுமதி அலுவலகத்தில் தீர்ப்பாணையை வைத்தாள். தலைமை எழுத்தர் வேறொருவரோடு பேசிக்கொண்டே அதை எடுத்தார். முத்திரை இருக்கிறதா என்று தாளைத் திருப்பிப் பார்த்தார். ஒரு வரியும் படிக்கவில்லை. குத்தூசியால் ஓட்டை போட்டுக் கோப்பில் கோர்த்தார்.

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்மா. இதுக்குப் போய் ஏன் இத்தனை நாள் ஆக்குனீங்க?"

வேன் அக்காவுக்கு நாக்கின் நுனி வரைக்கும் பதில் வந்தது. சொன்னால் கோப்பு இன்னும் ஒரு வாரம் அவர் மேசையிலேயே கிடக்கும் என்று விழுங்கிக்கொண்டாள்.

அனுமதி கைக்கு வந்த அன்றே அம்மாக்களுக்கு ஒவ்வொருவராக ஃபோன் செய்தாள். பாதிப் பேர் சந்தோஷப்பட்டார்கள். மீதிப் பேர் தயங்கித் தயங்கிப் பேசினார்கள். வேறு வேன் பேசிவிட்டார்களாம். பிள்ளைக்கு அந்த வேனில் சிநேகிதர்கள் கிடைத்துவிட்டார்களாம். "தப்பா நினைக்காதீங்க அக்கா, நாங்களும் எத்தனை நாள்தான் காத்திருக்கிறது?" அதில் நியாயம் இருந்தது. நியாயமாக இருந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் வண்டியைக் கிளப்பினாள். முதல் வாசலில் ஏறிய சின்னப் பெண் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இன்னைக்கு எல்லாரும் சன்னல் சீட்ல உட்காரலாம்!" என்று கத்தினாள்.

"உட்காரு உட்காரு. பையை மடியில வெச்சுக்கோ" என்றாள் வேன் அக்கா. அடுத்த வாசலுக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டது.